டிஸ்கவுண்ட்ல வர்ற க்ளூம்ஹேவன் பெட்டி: வாங்கலாமா, விடலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம், வரிசை மாற்றியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கார். விஷயத்தை நான் சுருக்கிச் சொல்றேன்.

"ப்ரோ, காலேஜ்ல ஒண்ணா இருந்த நாலு பேர் இப்பவும் ஒரே ஊர்ல இருக்கோம். அதுல ஒருத்தன் இன்னும் நாலு மாசத்துல வேலைக்காக வெளிநாடு போறான். போறதுக்குள்ள ஒரு பெரிய கேமை ஆரம்பிச்சு முடிக்கணும்னு ஆசை. க்ளூம்ஹேவன்: ஜாஸ் ஆஃப் த லயன் ஆன்லைன்ல 6,000 ரூபாய் போட்டு, அதை அடிச்சு 4,200னு காட்டுது. ஞாயித்துக்கிழமை ராத்திரியோட ஆஃபர் முடியுதாம். வாங்கலாமா?"

நல்ல கேள்வி. ஏன்னா இதுல கேள்வி ஒண்ணு இல்ல, மூணு இருக்கு. கேம் நல்லா இருக்கா? இந்த விலை நல்ல விலையா? இந்த நாலு பேருக்கு, இந்த நாலு மாசத்துக்கு இது சரியா வருமா? பெரும்பாலும் நாம முதல் கேள்விக்கு மட்டும் ரிவ்யூ பார்த்துட்டு, ரெண்டாவது கேள்விக்கு டிஸ்கவுண்ட் சதவீதத்தைப் பார்த்துட்டு, நேரா பணத்தைக் கட்டிடறோம். மூணாவது கேள்விதான் பெட்டி மேசைக்கு வருமா, பரணுக்குப் போகுமான்னு முடிவு பண்ணுது. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

இது என்ன கேம்?

முதல்ல பின்னணி. க்ளூம்ஹேவன் என்பது ஐசக் சில்ட்ரஸ் வடிவமைச்ச கேம். 2015-ல கிக்ஸ்டார்ட்டர்ல பணம் திரட்டி, 2017-ல வெளிவந்தது. அவரோட செஃபலோஃபேர் கேம்ஸ் நிறுவனம்தான் வெளியிட்டது. போர்டுகேம்கீக் தளத்தோட தரவரிசையில 2017 கடைசியில முதல் இடத்துக்கு வந்து, 2023-ல ப்ராஸ்: பர்மிங்காம் முந்தும் வரைக்கும் அங்கேயே இருந்தது. பெட்டி சுமார் 10 கிலோ. அரிசி மூட்டை தூக்கற மாதிரிதான் தூக்கணும். உள்ள 95 சினாரியோ, 17 வகைக் கதாபாத்திரங்கள். வெளிவந்தப்ப அமெரிக்காவுல அதோட விலை 140 டாலரா இருந்தது.

அவ்வளவு பெரிய பெட்டியைப் பார்த்துப் பயப்படறவங்களுக்காக 2020-ல வந்ததுதான் ஜாஸ் ஆஃப் த லயன். முதல் கேமோட கதைக்கு முன்னாடி நடக்கற தனிக் கதை இது. பெரிய பெட்டி இல்லாமலேயே ஆடலாம். 25 சினாரியோ, 4 கதாபாத்திரங்கள், 1 முதல் 4 பேர் வரைக்கும் ஆடலாம், வயசு 14-க்கு மேல. அமெரிக்காவுல 50 டாலர் விலை வச்சு, முதல்ல டார்கெட் கடைகள்ல வித்தாங்க. பலசரக்கிலேர்ந்து துணிமணி வரைக்கும் விக்கற சங்கிலிக் கடை அது. அதாவது, பொழுதுபோக்கா தீவிரமா போர்டு கேம் ஆடறவங்களுக்கு மட்டும்னு இல்லாம, கடைக்கு வர்ற எல்லாருக்கும்னு நினைச்சு அச்சடிச்ச கேம். இந்தத் தகவலை ஞாபகம் வச்சுக்கோங்க, விலையைப் பத்திப் பேசும்போது திரும்ப வேணும்.

கதை என்னன்னா, க்ளூம்ஹேவன்ங்கற ஊர்ல ஆட்கள் காணாமப் போறாங்க. நீங்க கூலிக்குச் சண்டை போடற ஒரு சின்னக் குழு. என்ன நடக்குதுன்னு தேடிப் போறீங்க. இதுக்கு மேல சொன்னா கதை உடைஞ்சிடும்.

இதுல எல்லாரும் ஒரே கட்சி. எதிரியை நடத்தறதுக்குன்னு யாரும் தனியா உட்கார வேண்டியதில்ல. ஒவ்வொரு வகை எதிரிக்கும் ஒரு கார்டுக் கட்டு இருக்கு. அதைத் திருப்பினா அந்தச் சுற்றுல அது நகருமா, அடிக்குமா, எவ்வளவு அடிக்கும்னு தெரியும்.

கார்டுதான் உயிர்

இந்த கேமைப் பத்திப் பேசறவங்க எல்லாம் "ஸ்ட்ராட்டஜி நல்லா இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எப்படி நல்லா இருக்கும்னு கொஞ்சம் விளக்கறேன். இது பிடிக்குமா பிடிக்காதான்னு நீங்களே முடிவு பண்ண அது தேவை.

உங்க கதாபாத்திரத்துக்குச் சுமார் 10 கார்டு கையில இருக்கும். ஒவ்வொரு சுற்றுலயும் ரெண்டு கார்டு எடுத்து வைக்கணும். ஒவ்வொரு கார்டுலயும் மேல் பாதி ஒரு செயல், கீழ் பாதி ஒரு செயல். ரெண்டுல ஒண்ணோட மேல் பாதி, இன்னொண்ணோட கீழ் பாதி, இப்படித்தான் பயன்படுத்த முடியும். பெரும்பாலும் மேல அடி இருக்கும், கீழ நகர்வு இருக்கும். கார்டுல ஒரு எண்ணும் இருக்கும். சின்ன எண் வச்சிருக்கறவர் முதல்ல ஆடுவார்.

ஆடின ரெண்டு கார்டும் கீழ போயிடும். கை காலியாகும்போது ஓய்வு எடுத்துத் திரும்பப் பொறுக்கிக்கலாம். ஆனா ஒவ்வொரு ஓய்வுக்கும் ஒரு கார்டு அந்த சினாரியோ முடியற வரைக்கும் போயிடும். 10 கார்டு 9 ஆகும், 9 கார்டு 8 ஆகும். ரெண்டு கார்டு கூட இல்லன்னா, உடம்புல எவ்வளவு உயிர் இருந்தாலும் நீங்க அவுட்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கார்டுல 5 சுற்று. ஓய்வு. 9 கார்டுல 4 சுற்று. 8-ல 4, 7-ல 3, 6-ல 3, 5-ல 2, 4-ல 2, 3-ல 1, 2-ல 1. மொத்தம் 25 சுற்று. இதுதான் உங்க பேட்டரி.

இப்ப, சில கார்டுகள் ரொம்பப் பலமானவை. ஆனா ஒரு தடவை பயன்படுத்தினா அன்னைக்கு ஆட்டத்துக்கே அது திரும்ப வராது. அப்படி ஒரு கார்டை முதல் சுற்றுலயே போட்டா, உங்க 25 சுற்று 21 ஆயிடும். ஒரு அடிக்கு 4 சுற்று விலை. அதே கார்டைக் கடைசியில கையில ரெண்டே கார்டு இருக்கும்போது போட்டா விலை சைபர். கதவைத் திறந்ததும் எதிர்ல ஆறு பேர் நிக்கறாங்க, இப்பவே பெரிய கார்டைப் போடலாமா, இன்னும் கொஞ்சம் தாங்கலாமா? ஒவ்வொரு சினாரியோவும் இந்த ஒரு கேள்வியைத்தான் வேற வேற விதமா கேட்டுக்கிட்டே இருக்கும். இதைக் கேட்கும்போதே கை துறுதுறுன்னு இருந்தா, உங்களுக்கு இந்த கேம் பிடிக்கும். "ஐயோ, ஆஃபீஸ்லயும் இதே ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்தானே"ன்னு தோணினா, அதுவும் ஒரு பதில்தான்.

தாயம் விழாத ஆட்டம்

நம்ம ஊர்ல பரமபதம், தாயம் ஆடி வளர்ந்தவங்களுக்கு ஒரு விஷயம் வித்தியாசமா இருக்கும். இதுல தாயக்கட்டையே கிடையாது. அடிக்கும்போது 20 கார்டு இருக்கற ஒரு கட்டுலேர்ந்து ஒண்ணைத் திருப்பணும். அதுல 6 கார்டு எதையும் மாத்தாது. 5 கார்டு அடியில ஒண்ணைக் கூட்டும், 5 கார்டு ஒண்ணைக் குறைக்கும். ரெண்டைக் கூட்டறது ஒண்ணு, ரெண்டைக் குறைக்கறது ஒண்ணு, அடியை ரெட்டிப்பாக்கறது ஒண்ணு, அடியே படாமப் போறது ஒண்ணு.

அதாவது 35 சதவீதம் நல்லது, 35 சதவீதம் கெட்டது, 30 சதவீதம் மாத்தமில்ல. இதுல முக்கியம் என்னன்னா, கெட்ட கார்டு ஒண்ணு வெளிய வந்துட்டா, கட்டைக் கலைக்கற வரைக்கும் அது திரும்ப வராது. தாயக்கட்டைக்கு ஞாபகம் கிடையாது, இந்தக் கட்டுக்கு உண்டு. உங்க கதாபாத்திரம் வளர வளர, கெட்ட கார்டுகளை எடுத்துப் போட்டுட்டு நல்ல கார்டுகளைச் சேர்க்கலாம். அதிர்ஷ்டம் இருக்கு, ஆனா அதை நீங்க கொஞ்சம் கொஞ்சமா திருத்தி எழுதறீங்க.

இன்னொரு நல்ல விஷயம். கூட்டா ஆடற கேம்கள்ல ஒரு பழைய வியாதி உண்டு. நல்லா ஆடத் தெரிஞ்ச ஒருத்தர் எல்லாருக்கும் சேர்த்து முடிவெடுப்பார், மத்தவங்க அவர் சொன்ன இடத்துல காயை நகர்த்துவாங்க. 2008-ல வந்த பேண்டமிக் ஆடினவங்களுக்கு இது நல்லாத் தெரியும். இங்க உங்க கார்டுல இருக்கற எண்ணை மத்தவங்ககிட்ட சொல்லக்கூடாதுங்கறது விதி. "நான் சீக்கிரமே போயிடுவேன்", "அந்தப் பெரிய ஆளை நான் பாத்துக்கறேன்", இவ்வளவுதான் சொல்லலாம். போதாக்குறைக்கு தங்கமும் பொதுச் சொத்து கிடையாது. பொறுக்கினது அவங்கவங்களுக்கு. அதனால நாலு பேரும் நிஜமாவே யோசிச்சு ஆட வேண்டியிருக்கும்.

30 சதவீதம் என்பது எதுல 30 சதவீதம்?

இப்ப விலை. 6,000-ஐ அடிச்சு 4,200. முதல் விதி, அடிச்ச விலையை மறந்துடுங்க. இறக்குமதி ஆகற கேம்களுக்கு நம்ம ஊர் ஆன்லைன் கடைகள்ல அந்த அடிச்ச விலை ஒரு அலங்காரம் மாதிரி. அந்த விலைக்கு யாராவது வாங்கினாங்களாங்கறதுதான் கேள்வி. போன மூணு மாசம் அது என்ன விலைக்கு வித்ததுன்னு பாருங்க. விலை வரலாறு காட்டற தளங்கள், எக்ஸ்டென்ஷன்கள் இருக்கு. மூணு மாசமா 4,400-க்கு வித்ததுன்னா உங்க டிஸ்கவுண்ட் 200 ரூபாய்தான்.

வெளிநாட்டு விலையோட ஒப்பிடும்போது 50 டாலரை அப்படியே ரூபாயாக்கிப் பார்க்காதீங்க. கப்பல் செலவு, சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்துதான் இங்க விலை. அதே மாதிரி, வெளிநாட்டுத் தளத்துல மலிவா இருக்குன்னு ஆர்டர் போடறவங்க, வாசல்ல வந்து இறங்கற வரைக்கும் ஆகற மொத்தச் செலவைப் பார்த்துட்டுப் போடுங்க.

ரெண்டாவது, அந்த ஞாயித்துக்கிழமைக் கெடு. முன்னாடி சொன்னேன் இல்லையா, இது பெரிய சங்கிலிக் கடைகளுக்காக நிறைய அச்சடிச்ச கேம். கிக்ஸ்டார்ட்டர்ல மட்டும் ஒரு தடவை வந்துட்டுக் காணாமப் போற வகை இல்ல. இந்த மாதிரி பெட்டிகள் திரும்பத் திரும்பத் தள்ளுபடிக்கு வரும். அதனால "இன்னைக்கு விட்டா போச்சு"ங்கற பயம் தேவையில்ல. கெடு கடைக்காரருக்கு. உங்க கெடு, நண்பர் கிளம்பற தேதி.

மூணாவது, ரொம்ப மலிவா, பேர் தெரியாத விற்பனையாளர்கிட்டேர்ந்து வந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. பிரபலமான போர்டு கேம்களுக்குப் போலிகள் உண்டு. அச்சு மங்கலா இருக்கும், கார்டு மெல்லிசா இருக்கும். விற்பனையாளர் யாரு, திரும்ப எடுத்துக்குவாங்களான்னு பாருங்க.

இதெல்லாம் பார்த்த பிறகு, ஒரு சின்னக் கணக்கு. ஒரு தடவை உட்கார்றதுக்கு எவ்வளவு செலவு?

6,000 ரூபாய்க்கு வாங்கி 3 தடவை ஆடினா, தடவைக்கு 2,000. 10 தடவை ஆடினா 600. 25 தடவை ஆடினா 240. இப்ப டிஸ்கவுண்ட்ல 4,200-க்கு வாங்கி 3 தடவை ஆடினா, 1,400. டிஸ்கவுண்ட்டே இல்லாம 6,000-க்கு வாங்கி 5 தடவை ஆடினா, 1,200. அதாவது 30 சதவீத டிஸ்கவுண்ட்டை விட, கூட ரெண்டு தடவை உட்கார்றது பெரிய லாபம். எத்தனை சதவீதம்னு தேடறதை விட்டுட்டு, எத்தனை தடவைன்னு கேளுங்க.

நாலு பேர் சேர்றது எவ்வளவு கஷ்டம்

எத்தனை தடவை? இங்கதான் நம்ம நேயரோட உண்மையான பிரச்சினை இருக்கு.

நாலு மாசம்னா 17 ஞாயித்துக்கிழமை. ஒவ்வொருத்தரும் அஞ்சு வாரத்துல நாலு வாரம் வர முடியும்னு வச்சுக்குவோம். கல்யாணம், ஊருக்குப் போறது, ஆன்-கால் டியூட்டி, காய்ச்சல் எல்லாம் சேர்த்து 80 சதவீதம்ங்கறது தாராளமான கணக்குதான். நாலு பேரும் ஒரே நாள்ல வர்றதுக்கு வாய்ப்பு என்ன? 0.8-ஐ நாலு தடவை பெருக்கணும். 0.41. 17 வாரத்துல 7 தடவை.

சர்வர் வேலை பார்க்கறவங்களுக்கு இது புதுசு இல்ல. நாலு சர்வீஸ் வரிசையா நின்னு, ஒண்ணு விழுந்தாலும் எல்லாம் விழும்னா, மொத்த அப்டைம் அடிமட்டத்துக்குப் போயிடும். தீர்வு என்ன? நாலும் வேணும்னு கேட்காதீங்க, மூணு இருந்தா போதும்னு வைங்க.

"குறைஞ்சது மூணு பேர் வந்தா ஆடுவோம்"னு விதி வச்சா, வாய்ப்பு 0.41-லேர்ந்து 0.82-க்குப் போகுது. 17 வாரத்துல 14 தடவை. விதியை மட்டும் மாத்தினோம், ஆட்டம் ரெட்டிப்பாச்சு.

எல்லா கேம்லயும் இப்படி செய்ய முடியாது. இதுல முடியும். ஒவ்வொரு சினாரியோவுக்கும் 2 பேர், 3 பேர், 4 பேர் ஆடினா எத்தனை எதிரின்னு தனித்தனியா கொடுத்திருக்காங்க. எதிரியோட பலமும் அன்னைக்கு வந்திருக்கறவங்களோட சராசரி நிலையை வச்சு மாறும். ஒருத்தர் வரலன்னா அவர் கதாபாத்திரம் அன்னைக்கு ஓய்வு. அடுத்த வாரம் வரும்போது கொஞ்சம் பின்தங்கியிருப்பார், ஆனா குழுவுல சேர்ந்து ஆட முடியாத அளவுக்கு இல்ல.

சரி, 14 தடவைல கேம் முடியுமா? பெட்டியில 30 முதல் 120 நிமிஷம்னு போட்டிருக்கு. மூணு நாலு பேர், எடுத்து வைக்கறது, திரும்பக் கட்டி வைக்கறது எல்லாம் சேர்த்தா ஒரு சினாரியோவுக்கு 2 மணி நேரம்னு வச்சுக்கறது நல்லது. நாலுல ஒண்ணு தோத்துத் திரும்ப ஆடுவீங்கன்னும் வைங்க. வாரத்துக்கு ஒரு சினாரியோன்னா, 14-ல 10 தான் முன்னேற்றம். 25-ல பாதி கூட இல்ல. நண்பர் விமானம் ஏறும்போது கதை நடுவுல நிக்கும்.

வாரத்துக்கு ரெண்டு சினாரியோ, அதாவது ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிச்சு 4 மணி நேரம் உட்கார முடியும்னா, 28 முயற்சி, 21 வெற்றி. எல்லாமே ஆட வேண்டிய அவசியமும் இல்ல, சிலது பக்கக் கதைகள்தான். அப்ப முடிவை எட்டிப் பிடிக்கலாம். தொடக்கமும் உங்களுக்குச் சாதகம். முதல் 5 சினாரியோ பாடம் மாதிரி. கார்டுகளையும் விதிகளையும் கொஞ்சம் கொஞ்சமா அறிமுகப்படுத்தும். அதனால முதல் ரெண்டு மூணு வாரத்துல ரெண்டு ரெண்டா முடிச்சிடலாம்.

யாருக்கு ஒத்து வராது

தரவரிசையைப் பத்தி ஒரு வார்த்தை. ஜாஸ் ஆஃப் த லயன் போர்டுகேம்கீக்ல முதல் பத்து இடங்களுக்குள்ள வந்த கேம். ஆனா அங்க மதிப்பெண் போடறவங்க யாரு? இந்த மாதிரி கேம் பிடிக்கும்னு தெரிஞ்சு, வாங்கி, ஆடி முடிச்சவங்க. காரம் விரும்பறவங்க மட்டும் சாப்பிட்டு மார்க் போட்ட ஹோட்டல் மாதிரி. அந்த மார்க் பொய் இல்ல, ஆனா உங்க நாக்குக்கு அது பதில் சொல்லாது.

அதே தளத்துல சிக்கல் அளவுன்னு இன்னொரு எண் இருக்கு. 5-க்கு இது மூணரைக்கு மேல. எனக்கு அந்த எண்தான் முக்கியம். அது சொல்றது என்னன்னா, உங்க குழுவுல ஒருத்தர் உட்கார்ந்து விதிகளைப் படிச்சே ஆகணும். எதிரி யாரை நோக்கி நகரும், எந்த வழியா போகும்ங்கறதுக்கெல்லாம் விதி இருக்கு. நடு ஆட்டத்துல சண்டை வர்றது பெரும்பாலும் அங்கதான். நாலு பேர்ல "நான் படிக்கறேன்"னு சொல்ல ஒரு ஆள் இல்லன்னா, எவ்வளவு மலிவா வந்தாலும் வாங்காதீங்க.

அரட்டைதான் முக்கியம், கேம் சும்மா சாக்குன்னு நினைக்கறவங்களுக்கும் இது சரிப்படாது. ஒவ்வொரு சுற்றுலயும் எல்லாரும் தலையைக் குனிஞ்சு கார்டையே பார்த்துட்டு இருப்பாங்க. கார்டுகள் முழுக்க இங்கிலீஷ், சின்ன எழுத்து. வீட்டுல அம்மா, தாத்தாவோட ஆடலாம்னு நினைச்சு வாங்கினா, ஒவ்வொரு கார்டையும் நீங்க மொழிபெயர்த்துக்கிட்டே இருக்கணும். அவங்களுக்கும் பொறுமை போயிடும், உங்களுக்கும் போயிடும்.

நடைமுறை விஷயம் ஒண்ணு. பெரிய க்ளூம்ஹேவன்ல அட்டைத் துண்டுகளைத் தேடி அடுக்கி வரைபடம் கட்டணும். இதுல வரைபடம் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கு. ஸ்பைரல் போட்ட புத்தகத்தை விரிச்சு, அது மேலயே ஆடலாம். சின்ன டைனிங் டேபிள் போதும், தரையில பாய் விரிச்சாலும் போதும். ஒரே எதிரி நம்ம சீலிங் ஃபேன். அட்டை டோக்கன்களைச் சின்னக் கிண்ணங்கள்ல போட்டு வச்சுக்கோங்க.

வாங்கறதுக்கு முன்னாடியும், வாங்கின பிறகும்

முன்னாடி: இந்த கேமோட கம்ப்யூட்டர் வடிவம் 2021 அக்டோபர்ல முழுசா வெளிவந்தது. ஜாஸ் ஆஃப் த லயன் அதுல தனியா வாங்கற கூடுதல் பகுதி. யாராவது நண்பர் வச்சிருந்தா ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்க. கார்டு முறை அப்படியே இருக்கும், பிடிக்குதா இல்லையான்னு அங்கேயே தெரிஞ்சிடும். ஊர்ல போர்டு கேம் கஃபே இருந்தா, பெட்டி இருக்கான்னு போன் பண்ணிக் கேளுங்க. எதுவும் இல்லன்னா, முதல் சினாரியோவை யாராவது ஆடற வீடியோவை நாலு பேரும் சேர்ந்து பாருங்க. அரை மணி நேரத்துல ரெண்டு பேர் போனை எடுத்தா, பதில் கிடைச்சிடுச்சு.

பிறகு: பெட்டியில ஊர் வரைபடமும் அதுல ஒட்டறதுக்கு ஸ்டிக்கரும் இருக்கும். ஒட்டாதீங்க. எந்தெந்த இடம் திறந்திருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. கதாபாத்திரக் குறிப்புகளையும் ஜெராக்ஸ் எடுத்து அதுல எழுதுங்க. ஆடி முடிச்ச பிறகு கார்டுகளைப் பழையபடி பிரிச்சு வச்சா, பெட்டி கிட்டத்தட்ட புதுசு மாதிரி. நல்ல விலைக்குக் கை மாறும். 4,200-க்கு வாங்கி 2,500-க்கு வித்தா, நாலு பேருக்குத் தலைக்கு 425 ரூபாய்தான் செலவு. இதே காரணத்தால, யாராவது ஸ்டிக்கர் ஒட்டாத பழைய பெட்டி விக்கறாங்களான்னும் பாருங்க. ஆஃபரை விட அது மலிவா கிடைக்கலாம்.

அப்ப பதில் என்ன?

நேயருக்கு என் பதில் இது. மூணு விஷயத்துக்கு "ஆமாம்" வரணும். விதி படிக்க ஒரு ஆள் இருக்காரா? மூணு பேர் வந்தாலே ஆடலாம்ங்கறதுக்கு, கிளம்பப் போற நண்பர் உட்பட எல்லாரும் சம்மதிக்கறாங்களா? ஞாயிறு 4 மணி நேரம் நிஜமாவே கிடைக்குமா? மூணுக்கும் ஆமாம்னா வாங்குங்க. 4,200 சரியான விலைதான், ஆஃபர் போய் 4,800 ஆனாலும் நஷ்டம் இல்ல.

நேரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு மணி நேரம்தான் கிடைக்கும்னா, இதை வாங்காதீங்க. ஒரே உட்கார்ல முடியற கூட்டு ஃபேண்டஸி கேம் பக்கம் போங்க. 2017-ல வந்த ஸ்பிரிட் ஐலண்ட் ஒரு நல்ல உதாரணம். ஒரு தீவோட ஆவிகளா நீங்க இருந்து, குடியேற வர்றவங்களை விரட்டணும். அதுவும் சுலபமான கேம் கிடையாது, ஆனா ஒவ்வொரு தடவையும் ஆரம்பிச்ச அன்னைக்கே முடியும். அஞ்சு தடவை ஆடினாலும் அஞ்சு முழு ஆட்டம்.

முக்கியமா, அந்த மூணாவது கேள்வியை க்ரூப்ல மெசேஜா போடாதீங்க. எல்லாரும் தம்ஸ்-அப் போட்டுட்டுப் போயிடுவாங்க. காலண்டரைத் திறந்து, 17 ஞாயித்துக்கிழமைல யாரு எப்ப இருக்க மாட்டாங்கன்னு ஒவ்வொருத்தரையும் குறிக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை. சனிக்கிழமையே பண்ணிடுங்க, ஆஃபர் முடிய இன்னும் ஒரு நாள் இருக்கும். நண்பர் ஊர்ல இருக்கப்போற வாரங்கள் எத்தனைன்னு அப்பத்தான் நாலு பேருக்கும் கண்ணுக்குத் தெரியும். அதுக்கப்புறம் பெட்டி வாங்கினாலும் சரி, வாங்கலன்னாலும் சரி, அந்த ஞாயிறுகளை விட்டுடாதீங்க.

இந்த வாரம் இவ்வளவுதான் மக்களே. இதே மாதிரி "வாங்கலாமா"ன்னு ஏதாவது கார்ட்ல போட்டு வச்சிருந்தீங்கன்னா, எத்தனை பேர் ஆடுவீங்க, எவ்வளவு நேரம் கிடைக்கும்னு சேர்த்து எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.